ரப்பருக்கும் வயது உண்டு

(சாகுபுரம் மொத்த வியாபாரி ஒருவர் எழுதுவது)

வரி, லைசென்ஸ், தராசு முத்திரை என்று எழுதிவரும் நமது சங்க இதழில், இம்முறை பழைய மோட்டார் சைக்கிளின் ரப்பர் பாகங்களைப் பற்றி எழுத முன்வந்துள்ளோம். மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வியாபாரப் பெருமக்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், ஆத்தூர், உடன்குடி வட்டாரத்தில் நம்மில் பலருக்குத் தொழில் ஓடியதே புல்லட், ராஜ்தூத், ஜாவா வண்டிகளின் முதுகில்தான். வசூலுக்குப் போனதும் அதில்தான். கருப்பட்டிச் சிப்பமும் அரிசி மூட்டையும் போனதும் அதில்தான். பிறகு டெம்போ வந்தது, வண்டி கிட்டங்கியின் மூலைக்குப் போனது. இப்போது நம் பிள்ளைகளும் பேரன்களும் அவற்றை வெளியே இழுத்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்து ஓட்ட விரும்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இரும்புக்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கு கூட ரப்பருக்குக் காட்டுவதில்லை. நாம் இதை எழுதக் காரணம் அதுவே.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ரப்பரின் கதை வேறு. அது ஐந்தில் நன்றாக வளையும். ஐம்பதில் வளைத்தால் உடையும்.

திருவொற்றியூர் தந்த இரண்டு

ரப்பர் நமக்கு அந்நியப் பொருளன்று. 1876ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டு சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே ஆண்டில் அந்த நாற்றுகள் நமக்கு எதிர்க்கரையான இலங்கைக்கு வந்து, கம்பகா பக்கம் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1902ல் கேரளத்தின் தட்டேக்காட்டில் வியாபார முறையில் தோட்டம் போட்டார்கள். இன்று நம் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியில் மலையடிவாரம் எங்கும் பால்வடிப்பு நடக்கிறது. 1984ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகமும் அங்கேதான் உள்ளது.

சென்னை திருவொற்றியூரில் 1946ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை ஏற்படுத்தின. அந்தக் கம்பெனியின் புல்லட்டும் அதே திருவொற்றியூரில் உருவானது. வண்டியும் டயரும் ஒரே ஊரில் வளர்ந்தன என்றால் மிகையில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் இன்று இரும்பு தாக்குப்பிடித்து நிற்கிறது. ரப்பர் நிற்கவில்லை.

ஏன் இறுகுகிறது?

மரத்துப் பாலில் வரும் ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டுபிடித்தார். நூல் நூலாகக் கிடக்கும் ரப்பரைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வலையாக்குகிறது. அளவான முடிச்சு இருந்தால் இழுவையும் உண்டு, பலமும் உண்டு.

ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின்னும் அந்த வேலை நிற்பதில்லை. எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும், காற்றிலுள்ள பிராணவாயுவாலும் முடிச்சுகள் மேலும் மேலும் விழுகின்றன. வலை நெருங்க நெருங்க ரப்பர் இறுகுகிறது. கலவையில் சேர்த்த எண்ணெய்ப் பொருள்கள் மெல்ல வெளியேறுகின்றன. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு உண்டாக்குகிறது. சில ரப்பர் இறுகுவதற்குப் பதில் பிசுபிசுத்து உருகினாற்போல் ஆகும். அதுவும் முதுமைதான்.

எண்ணெய் வியாபாரம் செய்யும் நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமில்லை. கடலை எண்ணெய் நாள்பட்டால் காறல் வாடை வருகிறதே, அதுவும் பிராணவாயுவின் வேலையே. காறிப்போன எண்ணெயைக் காய்ச்சி வடிகட்டினால் புதிய எண்ணெய் ஆகிவிடுமா? இறுகிய ரப்பரும் அப்படியே. திரும்பி வராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கறுப்பாக வளைவதையெல்லாம் ரப்பர் என்கிறோம். பெட்ரோல் ட்யூப், ஒயரிங் மேலுள்ள உறை ஆகியவை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கே. நம் சாகுபுரம் ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பதோடு, பி.வி.சி. தூளும் தயாராவது ஊரறிந்தது. அந்தத் தூள் இயல்பில் விறைப்பானது. இளக்கும் எண்ணெய் சேர்த்தே அதை வளையும் குழாயாக ஆக்குகிறார்கள். பெட்ரோல் அந்த எண்ணெயைக் கரைத்து எடுத்துச் சென்றபின் குழாய் மஞ்சளித்துக் கட்டையாகிவிடுகிறது.

நமது கடற்கரைக்கு உள்ள தனிக் கஷ்டம் உப்புக் காற்று. அது ரப்பரை நேரடியாகத் தின்பதில்லை. ஆனால் இரும்பும் ரப்பரும் ஒட்டிய புஷ்களில் இரும்பு துருப்பிடித்து ஊதும்போது ஒட்டு விட்டுப்போகிறது. வெளியே பார்த்தால் புஷ் முழுதாகத் தெரியும், உள்ளே பிடிப்பு இராது.

கண்ணுக்குப் படாத ரப்பரே ஆபத்து

பழைய வண்டி வாங்குவோர் ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிக்கர் ரப்பர் ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுகிறார்கள். உயிரைக் காப்பவை உள்ளே இருக்கின்றன.

பின்சக்கரத்துக்கும் செயின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே துண்டு துண்டாக அடைத்திருப்பது டிரம் ரப்பர். எஞ்சின் கொடுக்கும் குலுக்கலை அது வாங்கிக்கொள்கிறது. அது கல்லாகிப்போனால் குலுக்கல் முழுதும் செயினுக்கும் கியர் பாக்ஸுக்கும் போகும். சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று தட்டினால் ரப்பர் தீர்ந்தது என்று பொருள். சில நூறு ரூபாய் ரப்பரை விட்டுவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் கியர் பாக்ஸைப் பிரிப்பவர்கள் உண்டு.

புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். பழைய புல்லட்டின் எஞ்சின் மூச்சுவிடும் வழியில் வாத்து மூக்கு வடிவில் ஒரு சிறு ரப்பர் வால்வு உண்டு. பிஸ்டன் கீழே வரும்போது காற்றை வெளியே விட்டு, மேலே போகும்போது மூடிக்கொள்ளும். அது இறுகி வாய் திறந்தபடி நின்றால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயில் வெளியேறும். கேஸ்கெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் முதலில் இந்த மூக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மைசூரில் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் ஜாவா, யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் ஆயில் சீல் முக்கியம். அது இறுகினால் உள்ளே காற்று புகுந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். அல்லது கியர் ஆயிலை இழுத்து வெண்புகை தள்ளும்.

சோதிக்க மெஷின் வேண்டாம். நகத்தால் அழுத்துங்கள், தடம் உடனே மறைய வேண்டும். லேசாக வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள், வெடிப்புத் தெரியக் கூடாது. டயருக்கு அதுவும் தேவையில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் பத்தாண்டு தாண்டிய டயரில் பேரப்பிள்ளையை ஏற்றி ஓட்டாதீர்கள்.

வீட்டு வைத்தியங்கள்

இறுகிய ரப்பரை இளக்கப் பலரும் பல வழி சொல்கிறார்கள். வெந்நீரில் போடுவது ஒன்று. கிரிப் மாட்டும்போது இது உதவும். சூடு ஆறினால் பழைய கதைதான். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கிரீஸ் தடவுவது இன்னொன்று. இவை இயற்கை ரப்பரை ஊதச் செய்யும். ஊதினது மெத்தென்று இருப்பதால் இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் பலம் போய்விட்டது. நம் கடைச் சரக்கில் விளக்கெண்ணெய் ஒன்றுதான் இயற்கை ரப்பரை அவ்வளவாகக் கெடுக்காது. அக்காலத்துப் பிரேக் ஆயிலிலேயே விளக்கெண்ணெய் சேர்த்து வந்தார்கள். இன்றைய பிரேக் ஆயில் வேறு வகை, அதில் எந்த எண்ணெயும் கலக்கக் கூடாது.

விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் உலகெங்கும் கையாளும் முறை, விண்டர்கிரீன் தைலத்தைச் சைலீன் என்னும் கரைப்பானில் கலந்து ரப்பரை ஊறவைப்பது. நீலகிரியில் விளையும் செடியிலிருந்து காய்ச்சி, ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு வைத்து விற்கிறார்களே, வலிக்குத் தேய்க்கும் அதே தைலம்தான். இது வேலை செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் இணைக்கும் குழாய் கழற்றும்போது கிழியாமலிருக்க இது கைகொடுக்கும். ஆயினும் நடப்பது ஊறி உப்புவதே. விழுந்த முடிச்சு அவிழ்வதில்லை. நாளடைவில் தைலம் ஆவியாகி, ரப்பர் மறுபடி இறுகும். சைலீன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவி தலைசுற்ற வைக்கும்.

இங்கே மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதைச் சமையல் எண்ணெய்ப் பாட்டில்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். காலிப் பாட்டிலில் ஊற்றிச் சில்லறையாக விற்கவும் வேண்டாம்.

நம் கருத்து இதுதான். டாங்க் பக்கத்து முட்டி ரப்பர், கம்பெனி எழுத்துப் பொறித்த ஃபுட்ரெஸ்ட் ரப்பர் போன்றவை உடைந்தால் அழகு போகும், ஆள் போகமாட்டார். அவற்றைப் பதப்படுத்திப் போற்றிக்கொள்ளலாம். டயர், ட்யூப், பெட்ரோல் குழாய், ஆயில் சீல், டிரம் ரப்பர், பிரேக்கைச் சேர்ந்த எதுவானாலும் மாற்றியே ஆக வேண்டும். பழையதை அப்படியே காப்பதுதான் மதிப்பு என்போர், கழற்றிய ஒரிஜினலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். நாம் தடுக்கவில்லை.

பழைய சரக்கு, புதிய விலை

நமக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. வியாபாரம் சம்பந்தப்பட்டது. பழைய வண்டி மோகம் வந்தபின், இருபது முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த ரப்பர் சாமானைக் கம்பெனி பேக்கிங் பிரிக்காதது என்று சொல்லி, புதியதைவிட இரட்டை விலைக்கு விற்கிறார்கள். நம் உறவுப் பையன் ஒருவன் வெளியூர்க் கடை ஒன்றில் அப்படி ஒரு செட் டிரம் ரப்பர் வாங்கினான். உறை பளபளப்பாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது ஆறு மாதத்தில் கறுப்புத் தூளாகக் கொட்டியது. திருப்பிக் கேட்டதற்கு, ஒரிஜினல் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்ததாம்.

உறை பிரிக்காத கோதுமை மாவில் வண்டு விழாதா? விழும் என்பது நமக்குத் தெரியும். ஆகவேதான் முதலில் வந்த சரக்கை முதலில் தள்ளுகிறோம். மிளகாய்த் தூள் பொட்டலத்தில் தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லாவிட்டால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நம்மேல் வழக்குப் போடுகிறார்கள். சமையல் எரிவாயு ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு உதிரியாக எண்ணிக் கொடுக்கும் வாஷருக்கும் சீலுக்கும் பிறந்த தேதி கிடையாது. கேட்பாருமில்லை.

வைக்கும் முறையும் மோசம். ட்யூபையும் பெல்ட்டையும் கடைவாசலில் ஆணி அடித்துத் தோரணம்போல் தொங்கவிடுகிறோம். வெயில் ஒருபுறம், இழுவை ஒருபுறம். அருகில் ஓடும் மோட்டார் ஓசோனைக் கக்குகிறது. ரப்பரைக் கொல்ல இதைவிடச் சுருக்கு வழி இல்லை. மடக்காமல், இழுக்காமல், டால்கம் தூவி, காற்றுப் புகாத பையில், இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்தால் பல ஆண்டு தாங்கும். வெல்லத்துக்கும் புளிக்கும் பார்த்துப் பார்த்து இடம் ஒதுக்கும் நமக்கு இது பெரிய வேலையன்று.

எத்தனால் வந்தபின்

முன்பெல்லாம் ரப்பர் மெதுவாகச் செத்தது. இப்போது வேகம் கூடியிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022ல் பத்து சதவீதத்தையும், 2025ல் இருபது சதவீதத்தையும் எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்ததில்லை. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்று 2025ல் பெட்ரோலிய அமைச்சகமே கூறியது. செலவு அதிகமில்லை என்றும் சொன்னார்கள். செலவு அதிகமில்லைதான், சரியான ரப்பர் கிடைத்தால்! இயற்கை ரப்பர் பெட்ரோலுக்கு ஆகாது. நைட்ரைல் ரப்பர் பெட்ரோலையும் ஆயிலையும் தாங்கும். எத்தனால் கலவைக்கு ஃப்ளூரோ ரப்பர் மேலும் நல்லது. ஆகவே குழாய் வாங்கும்போது கறுப்பா, தடிப்பா என்று பார்ப்பதைவிட, எந்த ரப்பர் என்று கேளுங்கள். பெட்ரோல் குழாய் வெடித்துச் சூடான எஞ்சினில் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2021ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு ரூ. 20,000 கட்டணம். அப்படிப் பதிந்த வண்டியை வியாபாரத்துக்கோ தினசரி ஓட்டத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. சரக்கு ஏற்ற நினைப்பவர்கள் யோசித்துச் செய்யவும். சேஸிஸ், எஞ்சின் போன்றவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்றுதான் விதி கேட்கிறது. தேய்ந்த ரப்பரை மாற்ற அது தடையாகாது. அதைச் சாக்காகச் சொல்லிப் பழைய ரப்பரோடு ஓட்டவேண்டிய அவசியமில்லை.

சங்கம் செய்யலாமே

உதிரி பாக வியாபாரிகளும் நம் சங்கத்து உறுப்பினர்களே. ஆகவே இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ரப்பர் சாமான் எதை விற்றாலும் கொள்முதல் செய்த மாதத்தையும் ஆண்டையும் பில்லில் எழுதிக் கொடுப்போம். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேதி சொல்லி விற்கும் கடைக்கு வாடிக்கையாளர் தானே வருவார்.

இரண்டாவது, தைலத்தில் ஊறவைத்துப் பாலிஷ் போட்ட பழைய ரப்பரைப் புதியது என்று விற்க மாட்டோம் என முடிவெடுப்போம். பழையதைப் பழையது என்று சொல்லி விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, கூட்டாக ஆர்டர் கொடுப்போம். நின்றுபோன மாடலின் ரப்பரைப் புதிதாக வார்க்க ஒரு டை வேண்டும். கலவையை டையில் இட்டு, சுமார் 150 டிகிரி சூட்டில் அழுத்தி எடுக்கும் சிறு பட்டறைகள் மதுரை, கோவைப் பக்கம் இருக்கின்றன. ஒரே ஒருவருக்காக டை வெட்டினால் அவருக்குக் கட்டாது. ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் கட்டும். பருப்பையும் சர்க்கரையையும் லாரி கணக்கில் சேர்ந்து இறக்குகிற நமக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டுமா? பால் வடிக்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கும் வேலை, பட்டறைக்காரருக்கும் வேலை, நம் கடைக்கும் ஒரு புதிய சரக்கு.

வியாபாரத்தில் பழைய சரக்கு தேங்குவது சகஜம். அதைக் கழிவுக்குத் தள்ளுவதா, கண்ணைக் கட்டி விற்பதா என்பதில்தான் வியாபாரியின் குணம் தெரிகிறது. ஊசிப்போன பருப்பை விற்றால் வாடிக்கையாளர் மறுநாள் வந்து சண்டை போடுவார். இறுகிப்போன ரப்பரை விற்றால் சண்டை போட அவர் திரும்பி வராமலே போகக்கூடும். தேதியைக் கேட்டு வாங்குவோம், தேதியைச் சொல்லி விற்போம்.